நீலப் பெட்டிக்கு இரண்டு பூட்டு

ஜூன் 5, வியாழன்

இன்று மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்குப் புகார்ப் பெட்டியின் நிறம் நீலம் என்று தீர்மானிக்கப்பட்டது. இந்தப் பள்ளியின் வரலாற்றை என்றாவது யாராவது எழுதினால் இந்தத் தேதி விடுபட்டுவிடக் கூடாது. எழுதமாட்டார்கள். எழுதினாலும் அதற்கு அட்டை போட்டு அலமாரியில் அடுக்க வேண்டியவள் நான்தான்.

சிவப்பு அடித்தால் தீயணைப்பு வாளி என்று நினைத்துக்கொள்வார்கள் என்றார் பி.டி. மாஸ்டர். மஞ்சளில் அழுக்குத் தெரியும் என்றார் கிளார்க். பச்சையின் மீது உதவித் தலைமையாசிரியருக்கு ஏதோ பழைய மனக்கசப்பு. காரணம் சொல்ல மறுத்துவிட்டார். ஐம்பது நிமிடம் போனது. கடைசியில், வாசல் கதவுக்கு வாங்கிய நீலப் பெயின்ட் அரை டப்பா மிச்சம் இருப்பதைக் கிளார்க் நினைவுபடுத்தியதும், ஒருமனதாக நீலம்.

மேலிடத்துச் சுற்றறிக்கை சொல்வது இதுதான்: இணையத்தில் பிள்ளைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாவதைத் தடுக்க ஒவ்வொரு பள்ளியிலும் ஒன்பது பேர் கொண்ட குழு வேண்டும், ஒரு பெட்டி வேண்டும். நூலகரான நான் இதற்குள் எப்படி வந்தேன் என்று தலைமையாசிரியரைக் கேட்டேன். "உங்க லைப்ரரிக்குத்தான் மேடம் ஒழுங்கா சாத்துற கதவு இருக்கு" என்றார். அப்படியானால் கதவையே உறுப்பினராக்கியிருக்கலாம்.

ஆனாலும் என் பங்குக்கு ஒன்று செய்தேன். யாராவது ஒருவர் தனியாகப் பெட்டியைத் திறந்து, பிள்ளைகள் எழுதியதைப் படித்துவிட்டு, ஓய்வறையில் தேநீரோடு சேர்த்துப் பரிமாறிவிட்டால்? ஆகவே இரண்டு பூட்டு. ஒரு சாவி தலைமையாசிரியரிடம், மற்றது பெற்றோர் பிரதிநிதியிடம். சாவியை மூன்றாம் நபரிடம் எக்காரணம் கொண்டும் கொடுக்கக் கூடாது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, குறைந்தது ஐந்து உறுப்பினர்கள் முன்னிலையில் மட்டும் திறக்க வேண்டும். வாசகம் முழுக்க என்னுடையது. ஒரு கால்புள்ளியைக்கூட யாரும் மாற்றவில்லை.

"மேடத்த இப்படியே விட்டா ஒரு நாட்டுக்கே சட்டம் எழுதிக் குடுத்துருவாங்க" என்றார் பி.டி. மாஸ்டர். கேலிதான். எனக்குப் பெருமையாகவே இருந்தது.

இவர், என் வீட்டுக்காரர், மூக்குக்கண்ணாடிக் கடையைப் பூட்டிவிட்டு வந்ததும் சொன்னேன்.

"பெட்டிக்கு ரெண்டு பூட்டா? உள்ள என்ன, உங்கம்மா நகையா?"

"பசங்க ரகசியத்தப் பாதுகாக்க."

"யார்கிட்டேர்ந்து?"

"எங்ககிட்டேர்ந்துதான்."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜூன் 9, திங்கள்

பெட்டி மாட்டப்பட்டது. முதலில் தலைமையாசிரியர் அறை வாசலில், கேமராவுக்கு நேர் கீழே. "அப்பதான் பசங்களுக்கு ஒரு பாதுகாப்பு உணர்வு வரும்" என்றார் உதவித் தலைமையாசிரியர். கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எந்தப் பிள்ளை புகார் போடும் என்று கேட்டேன். அரை மணி நேர வாதத்துக்குப் பின் நூலகத் தாழ்வாரத்துக்கு, தண்ணீர்க் குழாய் பக்கத்துக்கு மாற்றினார்கள். வெற்றி. பக்கத்தில் என் கையெழுத்திலேயே அறிவிப்பு: "ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை திறக்கப்படும். உங்கள் பெயர் எழுதத் தேவையில்லை."

ரிப்பன் வெட்டிப் படம் எடுத்துக்கொண்டோம். ஒன்பது பேரும் பெட்டியைப் பார்த்துக் கைதட்டுவது போல் ஒரு படம்.

ஜூன் 13, வெள்ளி

விழிப்புணர்வுக் கூட்டம். உதவித் தலைமையாசிரியர், நாற்பத்தோரு ஸ்லைடு. முதல் ஸ்லைடில் இணையம் ஒரு கடல். பதினேழாவதில் இணையம் ஒரு கத்தி. முப்பதைத் தாண்டும்போது அது ஒரு தோட்டமாகிவிட்டது. எப்படி என்று யாரும் கேட்கவில்லை. அறிவுரைகளை எண்ணிப் பார்த்தேன்: இருபத்தாறு "கூடாது".

கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல். "சார், ஏற்கெனவே தப்பு நடந்திருந்தா என்ன சார் பண்றது?"

"தப்பு நடக்காம பாத்துக்கணும்மா. அதுக்குத்தான இவ்வளவு நேரம் பேசினேன்."

"இல்ல சார், நடந்துட்டா…"

"நடந்துட்டா, பெட்டி இருக்கே. எழுதிப் போடுங்க. அடுத்த கேள்வி?"

அடுத்த கேள்வி, மதிய இடைவேளையை நீட்ட முடியுமா என்பது. அதற்குத்தான் கைதட்டல்.

ஜூன் 19, வியாழன்

பெட்டியின் மேல் தூசி. துடைத்தேன். என் வேலைப் பட்டியலில் இதுவும் சேர்ந்துவிட்டது.

ஜூன் 27, வெள்ளி

பெற்றோர் பிரதிநிதி வியாபார விஷயமாக வெளிநாடு போகிறார், ஒரு வாரம். போகும் முன் தலைமையாசிரியரிடம் சொன்னாராம்: "சாவிய பத்திரமா கூடவே எடுத்துட்டுப் போறேன்."

ஜூலை 4, வெள்ளி

பெட்டி திறக்கும் முதல் நாள். நான்கு பேர் வந்தோம். விதிப்படி ஐந்து பேர் வேண்டும். தவிர, பெற்றோர் பிரதிநிதி திரும்பவில்லை, வியாபாரம் நீள்கிறதாம். "கோரம் இல்லாமையால் ஒத்திவைக்கப்பட்டது" என்று நிகழ்ச்சிக் குறிப்பில் நானே எழுதிக் கையெழுத்திட்டேன். அழகான கையெழுத்து, இப்போதும் சொல்கிறேன்.

ரெண்டாம் பாகம் இன்று மூடும் நேரம் வரை நூலகத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. பெயர் வேறு; நான் வைத்த பட்டப்பெயர் இது. எந்த நாவலானாலும் இரண்டாம் பாகத்தைத்தான் முதலில் எடுப்பாள். "முடிவு நல்லாருந்தா முதல் பாகம் படிப்பேன் மிஸ், இல்லன்னா எதுக்கு டைம் வேஸ்ட்?" என்பது அவள் கொள்கை. விமர்சகர்கள் பலரை எனக்குத் தெரியும், இவ்வளவு தெளிவு அவர்களுக்குக் கிடையாது. தேர்வு நேரம் என்பதால் படிக்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் ஒரு பக்கத்தையும் திருப்பவில்லை, தாழ்வாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூடப் போறேன் கண்ணு, வீட்டுக்குக் கெளம்பு" என்றேன். கிளம்பினாள்.

ஜூலை 8, செவ்வாய்

நூலக மின்விசிறியைப் பழுது பார்த்தார்கள். வேறொன்றும் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

ரெண்டாம் பாகம் மூன்று நாளாக வரவில்லை. இன்று அவள் எடுத்துப்போன புத்தகத்தைப் பக்கத்து வீட்டுப் பெண் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே ஓடிவிட்டது. தாமதக் கட்டணம் இல்லை.

தாழ்வாரத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கும்பலாக ஒரு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் கலைந்தார்கள். பி.டி. மாஸ்டர் ஒன்றைப் பிடுங்கினார். பிடுங்கியவர் அதைப் பார்த்தார். பார்த்தவர் ஒன்றும் பேசாமல் நேரே தலைமையாசிரியர் அறைக்குள் போனார். அந்த மனிதர் ஒன்றும் பேசாமல் நடந்ததை நான் இதற்கு முன் கண்டதில்லை.

ஜூலை 14, திங்கள்

ரெண்டாம் பாகத்தின் அம்மா வந்தார். பேருந்து நடத்துநர். சீருடையோடு, டிக்கெட் இயந்திரத்தைத் தோளில் மாட்டியபடி நூலக வாசலில் நின்றார்.

"டீச்சர், அடுத்த டிரிப்புக்கு இருபத்திரண்டு நிமிஷம் இருக்கு. உக்காராமலே சொல்லிடறேன்."

நின்றபடியே சொன்னார். படம் வரையும் பிள்ளைகளுக்கான ஏதோ ஓர் இணையக் குழு. அதில் பதினைந்து வயதுப் பெண் என்று ஒரு தோழி. குதிரைகளை நன்றாக வரைவாளாம். இரண்டு மாதம் பழக்கம். பிறகு அந்தத் தோழி ஒரு படம் கேட்டது. இவள் தன் அறையில், தன் கைப்பேசியில், தானே எடுத்து அனுப்பிவிட்டாள். தோழி, தோழி இல்லை. இன்னும் வேண்டும் என்றது. இல்லாவிட்டால் எல்லோருக்கும் அனுப்புவேன் என்றது. இவள் கொடுக்கவில்லை. அது அனுப்பிவிட்டது. இவளுடைய வகுப்புப் பிள்ளைகளின் பட்டியலை முன்பே எடுத்து வைத்திருந்ததாம்.

"பதினாலு வயசு டீச்சர். வீட்ல ஒரு வார்த்தை சொல்லல. நான் டெய்லி ஆயிரம் பேரப் பாக்கறேன், டிக்கெட் எடுக்காதவன மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவேன். எம்பொண்ணு மூஞ்சியப் பாத்து எனக்குத் தெரியல."

புகார்ப் படிவத்தை எடுத்தேன். உதவித் தலைமையாசிரியர் தயாரித்தது. பெயர், வகுப்பு, பிரிவு, நிகழ்வு. ஏழாவது பத்தி: "ஆதாரத்தின் நகல்கள் (மூன்று) இணைக்கப்பட வேண்டும்."

அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"எத மூணு காப்பி எடுக்கச் சொல்றீங்க டீச்சர்?"

ஏழாவது பத்தியைப் பேனாவால் அடித்துவிட்டு வாங்கிக்கொண்டேன். பத்தொன்பதாவது நிமிடத்தில் அவர் கிளம்பிவிட்டார்.

மாலையில் உதவித் தலைமையாசிரியரிடமிருந்து படிவம் திரும்பி வந்தது. சிவப்பு மையில்: "முழுமையற்றது."

ஜூலை 15, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

காலை பத்தரைக்குக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. அனுப்பியவர் உதவித் தலைமையாசிரியர். "உறுப்பினர்களின் தகவலுக்கும் உரிய நடவடிக்கைக்கும்." அதன் கீழே மங்கலான ஒரு சதுரம்.

என் கைப்பேசி பழசு. நினைவகம் நிரம்பியது, தானாக எதையும் இறக்காது. அதை நல்ல குணம் என்று நான் நினைத்தது இன்றுதான். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் அறைக்கு ஓடினேன்.

"என்ன சார் பண்ணியிருக்கீங்க? என்ன பண்ணியிருக்கீங்க நீங்க?"

"ஏன் மேடம் கத்தறீங்க? பார்க்காம எப்படி முடிவு எடுக்கறது? உறுப்பினருக்கெல்லாம் விஷயம் தெரியணுமில்ல."

"அதத்தான் சார் பரப்பாதீங்கன்னு நாப்பத்தோரு ஸ்லைடு போட்டீங்க!"

"அது பசங்களுக்கு. இது அலுவல்ரீதியா."

அலுவல்ரீதியா. அந்தச் சொல்லை எங்கே போய்க் கழுவுவது?

அதற்குள் மூன்று பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். கிடைத்தது என்று அர்த்தமாம். வெளிநாட்டிலிருந்து பெற்றோர் பிரதிநிதி கைகூப்பியிருந்தார்.

நூலகத்துக்குத் திரும்பினால் அச்சு இயந்திரம் உறுமத் தொடங்கியிருந்தது. பள்ளியின் ஒரே கலர் பிரின்டர் என் மேசைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அலுவலகத்திலிருந்தபடியே எதையும் அனுப்பலாம். திரையில் கிளார்க்கின் பெயர். நகல்கள்: 3.

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். தாள் பாதி உள்ளே, பாதி வெளியே. பின்பக்கம், வெள்ளைப் பக்கம்தான் மேலே தெரிந்தது. திருப்பாமலே இழுத்து, திருப்பாமலே கிழித்தேன். எவ்வளவு சின்னதாகக் கிழிக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக. அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள்.

கிளார்க்கைப் போனில் கூப்பிட்டேன். "ஏழாவது பத்தி காலியா இருக்குன்னு ஃபைல் திரும்பி வந்துச்சு மேடம். நீங்க கஷ்டப்படக் கூடாதுன்னு நானே…" நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியாதவர். என்னத்தைத் திட்டுவது?

போலீஸுக்கு நானே போன் செய்தேன். தலைமையாசிரியரின் அனுமதி இல்லாமல்.

ஜூலை 16, புதன்

சைபர் பிரிவிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். சாதாரண உடை. தலைமையாசிரியர் வருகைப் பதிவேட்டை நீட்டினார். அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டுக் குழுவைக் கூப்பிடச் சொன்னார்.

"இந்தப் படம் இங்க எத்தனை பேர் போன்ல இருக்கு?"

உதவித் தலைமையாசிரியர் கம்பீரமாகச் சொன்னார்: "எல்லா உறுப்பினருக்கும் குடுத்திருக்கேன் மேடம். வெளிப்படையா நடக்கணும்னு."

அதிகாரி தன் குறிப்பேட்டைத் திறந்தார். "குழந்தையோட இந்த மாதிரிப் படத்த அனுப்பறது குற்றம் சார். வெச்சிருக்கறதும் குற்றம். பிரின்ட் எடுக்கறது… அத நான் என் சர்வீஸ்ல இப்பதான் கேள்விப்படறேன்." கிளார்க் நாற்காலியில் ஒரு சாண் கீழே போனார்.

எல்லாக் கைப்பேசிகளையும் மேசையில் வைக்கச் சொன்னார். தானே விவரம் குறித்துக்கொண்டு, தன் முன்னாலேயே அழிக்க வைத்தார். வேறெங்காவது போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொருவரையும் கேட்டார். பி.டி. மாஸ்டர் திடீரென்று எழுந்து நின்றார். அவர் கைப்பேசிக்கு வரும் படங்கள் தானாக வீட்டு டிவியில் ஓடுமாம். மாமனார் பேரன் படங்களைப் பார்ப்பதற்காகச் செய்து வைத்தது.

அங்கேயே போன். "மாமா, டிவிய ஆஃப் பண்ணுங்க! இல்ல மாமா, ரிமோட் இல்லன்னா வயரப் புடுங்குங்க! ஏன்னு கேக்காதீங்க, புடுங்குங்க!"

வேறொரு விஷயமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

அவள் அனுப்பியது ஒருவருக்கு. அந்த ஒருவர் அனுப்பியது பதினான்கு பேருக்கு. அவளைப் பாதுகாக்க அமைந்த குழு அனுப்பியது எட்டு பேருக்கும் ஒரு டிவிக்கும், எல்லை தாண்டி ஒரு நாட்டுக்கும்.

போகும்போது அதிகாரி என்னிடம் ஒரு வழி சொன்னார். பிள்ளை தன் கைப்பேசியிலேயே அந்தப் படத்துக்குக் கைரேகை மாதிரி ஓர் எண் உருவாக்கலாம். படம் கைப்பேசியை விட்டு வெளியே போகாது. எண் மட்டும் போகும். அந்த எண்ணை வாங்கிக்கொண்ட நிறுவனங்கள் அதே படம் தங்கள் தளத்தில் எங்கே வந்தாலும் பிடித்து எடுக்கும். யாரும் பார்க்க வேண்டியதில்லை. நகல் வேண்டியதில்லை. ஏழாவது பத்தி கிடையாது. உலகத்தில் யாரோ சிலர் யோசித்துத்தான் வேலை செய்கிறார்கள் போலும்.

ஜூலை 18, வெள்ளி

அவள் வீட்டுக்குப் போனேன். சின்ன அறை, சுவரெல்லாம் பென்சில் குதிரைகள். பாதிக்கு மேல் கிழித்திருந்தாள். ஒட்டிய இடங்களில் காகித மூலைகள் மட்டும் நின்றன.

எண் உருவாக்கும் வேலையை அவளே செய்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சுவர் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாட்காட்டியை அவ்வளவு கவனமாக வாழ்க்கையில் படித்ததில்லை.

"நீங்க பாத்தீங்களா மிஸ்?"

"இல்லடா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"என் போன்ல ஒரு படமும் எறங்காது. எங்க வீட்டுக்காரர் அதத் தூக்கிப் போடச் சொல்லி நாலு வருஷமாச் சண்ட போடறார்."

உதட்டின் ஓரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

கேட்கக் கூடாததைக் கேட்டேன். "ஏண்டா, முதல்லயே யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. ஆச்சரியம் மாதிரி ஏதோ.

"சொன்னேனே மிஸ்."

அதற்குள் அவள் அம்மா உள்ளே வந்தார், ஷிப்ட் முடிந்து. பேச்சு மாறிவிட்டது. அம்மாவிடம்தான் சொல்லியிருக்கிறாள், அவர் பதற்றத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். வாசலில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "உங்ககிட்டதான் சொன்னாளா டீச்சர்?"

ஜூலை 22, செவ்வாய்

நான்கு நிறுவனங்களுக்கு எழுதியதில் மூன்றிலிருந்து பதில். "உங்கள் பாதுகாப்பு எங்களுக்கு முக்கியம்." மூன்றிலும் அதே வாக்கியம். நான்காவது மட்டும் ஒன்றும் எழுதாமல் படத்தை நீக்கிவிட்டது.

ஜூலை 25, வெள்ளி

அதிகாரி போன் செய்தார். மற்ற மூன்று நிறுவனங்களில் இரண்டு நீக்கிவிட்டன, ஒன்று பாக்கி. குதிரை வரையும் தோழி நாற்பத்து மூன்று வயது ஆண். இதே போல் வேறு மூன்று பிள்ளைகள். ஆள் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது, பிடித்துவிடுவார்கள் என்றார். பிறகு இதையும் சொன்னார்.

"பொண்ணு பரீட்சைன்னு சொல்லிக் கெஞ்சி ஜூலை எட்டு வரைக்கும் டைம் வாங்கியிருக்கு மேடம். அதுவரைக்கும் அவன் யாருக்கும் அனுப்பல. ஒரு நாலு நாள் முன்னாடி ஒரு பெரியவங்க காதுல விழுந்திருந்தாக்கூட அந்த அக்கவுன்ட்ட முடக்கியிருக்கலாம். யார்கிட்டயும் சொல்லாம விட்டுருச்சு பாருங்க."

சொன்னேனே மிஸ்.

யாரிடம்? அம்மாவிடம் இல்லை. என்னிடம் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன், அவளிடமும் இல்லை.

எனக்கு ஒரு சந்தேகம். எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

முதல் வெள்ளி. ஆறு பேர் வந்தோம். கோரம் இருக்கிறது, சாவி இல்லை. பெற்றோர் பிரதிநிதி அங்கே கிளை திறக்கிறாராம்.

பூட்டை உடைக்கலாம் என்றேன்.

"எப்படி மேடம்?" என்றார் உதவித் தலைமையாசிரியர், உண்மையான வருத்தத்தோடு. "இரண்டு சாவியாலும் மட்டுமே திறக்கப்பட வேண்டும். நீங்கதான எழுதினீங்க. மட்டுமேன்னு அழுத்தி வேற போட்டிருக்கீங்க."

"நான் எழுதினத நானே மாத்தறேன்."

"மாத்தணும்னா முழுக் குழுவும் கூடணும். அதுவும் நீங்க எழுதினதுதான். பன்னிரண்டாவது வரி."

பார்த்தேன். ஆமாம், பன்னிரண்டாவது வரி.

பிறகு அவளைத் திரும்பச் சேர்ப்பது பற்றி. வேறு பள்ளிக்குப் போனால் அவளுக்கே நல்லது என்றார் உதவித் தலைமையாசிரியர். படத்தைப் பரப்பிய பதினான்கு பேரில் யாருக்கு வேறு பள்ளி நல்லது என்று கேட்டேன். அவர்கள் பிள்ளைகள், தெரியாமல் செய்துவிட்டார்கள் என்றார். இவள் யார் என்று கேட்டேன். அவளை மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறாராம். என்ன அனுப்பினோம் என்பதை விவரித்து எழுத வேண்டுமாம். அதையாவது நிறுத்தினேன். என் குரல் தாழ்வாரம் வரை கேட்டதாக பி.டி. மாஸ்டர் பிற்பாடு சொன்னார். "கேக்கட்டும் மேடம்" என்றும் சொன்னார்.

படிவம் திருத்தப்பட்டது. ஏழாவது பத்தி இப்போது: "ஆதாரத்தின் நகல்கள் (இரண்டு)."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

"ஒரு திருப்புளி போதும்" என்றார் இவர். கடையிலிருந்து ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். மூக்குக்கண்ணாடிக்கு அல்ல, அலமாரிக்கு உள்ளது. "சுவத்துல நாலு திருகாணி. பூட்டத் தொடவே வேணாம். பின்பக்கப் பலகைலயும் நாலு திருகாணிதான் இருக்கும்."

பையில் வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பையில் இருக்கிறது.

அவளிடம் நேரே கேட்கலாம். ஏன் கேட்கவில்லை? பதில் தெரிந்துவிடும் என்பதால்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வந்துவிட்டாள். அவள் அம்மா காலை முதல் டிரிப்பை வேறொருவரிடம் மாற்றிக்கொண்டு வாசல் வரை கூட வந்தார். சீருடையில், டிக்கெட் இயந்திரத்தோடு, ஏதோ பள்ளிக்கூடம் முழுக்க டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள் போல ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டு.

மதியம் நூலகத்துக்கு வந்தாள். புத்தகம் எடுத்தாள். முதல் பாகம்.

"என்னடா, கொள்கைய மாத்திட்டியா?"

"முடிவு எப்படி இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும் மிஸ்" என்றாள்.

வாசல் வழியாகப் போகும்போது பெட்டியைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை. எனக்கு அது தெரிந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

இரண்டாவது விழிப்புணர்வுக் கூட்டம். ஐம்பத்தெட்டு ஸ்லைடு. தலைப்பு: "பெண்பிள்ளைகளும் பொறுப்பும்." கேள்வி நேரத்தில் ஒரு கையும் உயரவில்லை. மதிய இடைவேளை பற்றிக்கூட.

ஆகஸ்ட் 27, புதன்

பெற்றோர் பிரதிநிதியைப் போனில் பிடித்தேன்.

"சாவி பத்திரமா இருக்கு மேடம். எங்க போனாலும் என்கூடவேதான்."

"கூரியர்ல அனுப்ப முடியுமா சார்?"

"மூணாவது ஆள் கைல குடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கே. ரொம்ப நல்ல விதி மேடம், எங்க கம்பெனிலயும் போட்டிருக்கேன். அடுத்த வாரம் நானே வந்துடறேன்."

செப்டம்பர் 5, வெள்ளி

பெற்றோர் பிரதிநிதி வந்தார். எல்லோருக்கும் சாக்லேட். ஏழு பேர். மாலை மூன்றேகாலுக்கு விதிப்படி இரண்டு சாவிகளாலும் பெட்டி திறக்கப்பட்டது. உள்ளிருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்கும் பொறுப்பு எனக்கு.

ஆறு தாள்கள்.

ஒன்று: பெண்கள் கழிவறையில் தாழ்ப்பாள் இல்லை.

இரண்டு: அதே.

மூன்று: பி.டி. மாஸ்டர் பந்து தருவதில்லை. (சிரிப்பு.)

நான்கு: மிட்டாய் உறை.

ஐந்து: வெற்றுத் தாள்.

ஆறாவது, நூலகப் புத்தகத்தில் நான் ஒட்டும் தேதிச் சீட்டு. பின்பக்கம் நீல மையில் எழுதியிருந்தது. பெயர் இல்லை. தேதி ஜூன் 30. அதை நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. இங்கே எழுதுகிறேன்:

"ஒருத்தங்க என் படத்த வெச்சுக்கிட்டு இன்னும் அனுப்பச் சொல்லி மிரட்டறாங்க. ஜூலை 8 வரைக்கும்தான் டைம். அம்மாகிட்ட சொல்லப் பயமா இருக்கு. வெள்ளிக்கிழமை பெட்டி திறப்பீங்கன்னு போட்டிருக்கு, அதனால இதுல போடறேன். அன்னிக்கு சாயந்திரம் நான் லைப்ரரிலயே இருப்பேன். மிஸ் என்னக் கூப்பிட்டா வந்துடறேன்."

"என்ன மேடம் அதுல?" என்றார் தலைமையாசிரியர்.

கொடுத்தேன். கையிலிருந்து கைக்குப் போனது. யாரும் கட்டைவிரலை உயர்த்தவில்லை.

கூட்டம் மூன்று நாற்பதுக்கு முடிந்தது. பெட்டி காலி செய்யப்பட்டு இரண்டு பூட்டுகளும் மீண்டும் போடப்பட்டன. அடுத்த திறப்பு அக்டோபர் 3.

செப்டம்பர் 8, திங்கள்

மதியம் பன்னிரண்டு நாற்பதுக்குப் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றினேன். நான்கு திருகாணிகள், ஆறு நிமிடம். ரெண்டாம் பாகம் திருகாணிகளைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டாள். அறிவிப்பையும் கிழித்துவிட்டு, அந்த இடத்தில் வேறு எழுதி ஒட்டினேன்: "உள்ளே வாங்க. எப்போது வேண்டுமானாலும்." கீழே என் பெயரும் போன் எண்ணும்.

இன்றே இரண்டு பேர் வந்தார்கள்.

செப்டம்பர் 10, புதன்

காலையில் உதவித் தலைமையாசிரியரிடமிருந்து ஒரு குறிப்பாணை வந்தது. பள்ளிச் சொத்தை அனுமதியின்றி அகற்றியதற்கு ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். ஆதாரமாக வெறும் சுவரின் கலர்ப் படம், மூன்று நகல். ஜூன் மாதம் குழு தொடங்கியது முதல் வெளியான குறிப்பாணைகளின் வரிசையில் இதன் எண் 1.